உறைபனி ஊரில் டிரைவ்வே: கான்கிரீட்டா, தாரா, பேவரா?

குளிர்நாட்டில் வீட்டு முன்னால் டிரைவ்வே (வண்டி ஏறி நிற்கும் தளம்) போட நினைக்கிறவர்கள் முதலில் கேட்பது "கான்கிரீட்டா, தாரா?" என்றுதான். பேவர் பிளாக்கும் சரளைக்கல்லும் அப்புறம் போட்டிக்கு வரும். நான்கையும் ஒப்பிடத்தான் போகிறேன். ஆனால் என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒழுங்காகப் போட்ட கான்கிரீட்டுக்கும் ஏனோதானோவென்று போட்ட கான்கிரீட்டுக்கும் உள்ள வித்தியாசம், கான்கிரீட்டுக்கும் தாருக்கும் உள்ள வித்தியாசத்தைவிடப் பெரிது. வெயில் ஊரில் சுமாரான தளமும் காலத்தை ஓட்டிவிடும். உறைபனி ஊரில் அந்தச் சலுகை கிடையாது.

ஏனென்றால் அங்கே தாக்குதல் இரண்டு பக்கமிருந்து வருகிறது. முதலாவது தளத்துக்குள்ளேயே. தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் பெருக்கும். கான்கிரீட்டின் நுண்துளைகளில் ஈரம் நிறைந்திருக்கும்போது உறைந்தால், உள்ளிருந்தே பிளக்கத் தொடங்கும். மாதக்கணக்கில் உறைந்தே கிடக்கும் ஊரைவிட, பகலில் உருகி ராத்திரியில் மறுபடி உறையும் ஊர்தான் இந்த விஷயத்தில் கொடுமையானது. எத்தனை முறை உறைந்து உருகுகிறது என்ற எண்ணிக்கைதான் இங்கே எதிரி.

இரண்டாவது தாக்குதல் அடிமண்ணிலிருந்து. மண் உறைந்து தளத்தையே மேலே தூக்கும். இதற்கும் அந்த 9 சதவீதம்தான் காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். ஸ்டீபன் டேபர் என்ற அமெரிக்க நிலவியலாளர் 1930 வாக்கில், உறையும்போது சுருங்குகிற பென்சீன் என்ற திரவத்தைத் தண்ணீருக்குப் பதிலாக மண்ணில் ஊற்றிச் சோதித்தார். அப்போதும் மண் எழும்பியது. கீழே உறையாமல் இருக்கும் பகுதியிலிருந்து ஈரம் மேல்நோக்கி உறிஞ்சப்பட்டு, அடுக்கடுக்காகப் பனிக்கட்டி வளர்வதுதான் தூக்குகிறது. ஆக, தளம் எழும்ப மூன்று வேண்டும்: உறைகுளிர், தண்ணீர், நீரை உறிஞ்சி ஏற்றும் நுண்மண். குளிரை நாம் ஒன்றும் செய்ய முடியாது, மற்ற இரண்டையும் செய்யலாம். வண்டல் கலந்த மண்தான் இதில் மிக மோசம். இறுக்கிய சுத்தமான ஜல்லியில் இந்த உறிஞ்சல் நடப்பதில்லை. அதனால்தான் மேலே எதைப் போட்டாலும் அடியில் குறைந்தது 6 முதல் 8 அங்குலம் ஜல்லி வேண்டும், களிமண் நிலமென்றால் இன்னும் அதிகம். கூரைத் தண்ணீர் அந்தப் பக்கம் வந்து சேராமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இதை மனதில் வைத்துக்கொண்டு போட்டியாளர்களைப் பார்ப்போம்.

தார்

தாரின் பெரிய பலம் அதன் நெகிழ்வு. அடிமண் கொஞ்சம் எழும்பி இறங்கினால் தாரும் கூடவே வளைந்து கொடுக்கும். கறுப்பு என்பதால் லேசான வெயிலுக்கே சூடேறி, மேலே மிஞ்சிய பனி சீக்கிரம் உருகும். உப்பு அதை ஒன்றும் செய்யாது. போட்ட சில நாட்களில் வண்டி ஏற்றலாம். ஒட்டுப் போடுவதும் எளிது, ஒட்டு தெரியத்தான் செய்யும், கறுப்புமேல் கறுப்பு என்பதால் கண்ணை உறுத்தாது.

பலவீனம், வயது. நல்ல தார்த்தளத்துக்குப் பொதுவாக 15 முதல் 20 வருடம் என்பார்கள், நல்ல கான்கிரீட்டுக்கு 30 அல்லது அதற்கு மேல். இடையில் சில வருடங்களுக்கு ஒருமுறை மேல்பூச்சு அடிக்க வேண்டும், விரிசல்களை அடைக்க வேண்டும். கோடையில் இளகும், நிறுத்திய இடத்தில் சக்கரத் தடம் பதியும். பெட்ரோலோ டீசலோ ஒழுகினால் தார் கரைந்து மெத்தென்று ஆகிவிடும். பழைய வண்டி வைத்திருப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

பேவர் பிளாக்

பொருளாக மட்டும் பார்த்தால் குளிருக்கு இதுதான் வலுவானது. ஆலையில் அழுத்தி வார்ப்பதால் இதன் அடர்த்தியே வேறு. அமெரிக்காவின் ஏஎஸ்டிஎம் சி936 தரநிலை கேட்பது சராசரி 8,000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு அழுத்தம்) வலிமை, 5 சதவீதத்துக்கு மேற்படாத நீர் உறிஞ்சல். இடத்தில் ஊற்றும் கான்கிரீட்டில் வழக்கமாகக் கேட்பது இதில் பாதியை ஒட்டித்தான். ஒரு கல் உடைந்தால் அந்தக் கல்லை மட்டும் மாற்றலாம். ஒரு பக்கம் அமுங்கினால் கற்களைப் பெயர்த்து, அடியைச் சரிசெய்து, அதே கற்களைத் திரும்பப் பதிக்கலாம். மற்ற எதிலும் இந்த வசதி இல்லை.

ஆனால் முழு வெற்றியும் அடித்தளத்தில் இருக்கிறது, அதை ஒழுங்காகச் செய்யும் ஆட்கள் குறைவு. ஜல்லிப் படுகையில் கஞ்சத்தனம் செய்தால் ஒரே குளிர்காலத்தில் கற்கள் அலையாக எழும்பிவிடும். எழும்பிய விளிம்பில் பனி தள்ளும் இயந்திரத்தின் தகடு மாட்டும். ஓரக்கட்டு பலமில்லையென்றால் கற்கள் மெல்ல விலகும். இடுக்கில் புல் முளைப்பதெல்லாம் சின்னத் தொல்லை.

சரளைக்கல்

எழும்பினாலும் அமுங்கினாலும் கவலையில்லை, வாரியால் இழுத்துவிட்டால் சரி. பனியை வழிக்கும்போது கல்லும் சேர்ந்து புல்வெளிக்குப் போய்விடும் என்பதுதான் வம்பு. நீண்ட கிராமத்துப் பாதைக்கு நியாயமான தேர்வு. குட்டையான வாசலுக்கு எனக்குப் பிடிக்காது.

கான்கிரீட்: ஒரே பெயரில் பல தளங்கள்

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் பெல்ஃபொன்டெய்ன் என்ற ஊரில் 1891இல் கான்கிரீட் போட ஆரம்பித்த தெருவில் ஒரு பகுதி இன்னும் இருக்கிறது. அங்கேயும் பனி உறையத்தான் செய்கிறது. இன்னொரு பக்கம், போன வருடம் போட்டு இந்த வசந்தத்துக்குள் மேல்தோல் உரிந்த டிரைவ்வேக்களும் உண்டு. இரண்டுக்கும் பெயர் கான்கிரீட்தான். வித்தியாசம் எங்கே என்று பார்த்தால், போடுகிற நேரத்தில் எடுக்கிற சில முடிவுகளில்.

முதல் முடிவு, கலவையில் காற்று சேர்ப்பதா வேண்டாமா. இது விவாதமே இல்லை, சேர்த்தே ஆக வேண்டும். 1930களில் நியூயார்க் மாநிலச் சாலைகளில் சில பகுதிகள் மட்டும் உரியாமல் நின்றன. அங்கே போட்ட சிமென்ட்டை ஆலையில் அரைக்கும்போது மாட்டுக்கொழுப்பு சேர்த்திருந்தார்கள், அது கலவையில் நுண்குமிழிகளை உண்டாக்கியிருந்தது. உறையும் நீர் பெருக்கும்போது ஒதுங்க அந்தக் குமிழிகள் இடம் தருகின்றன. இன்று அதற்கென்றே ரசாயனம் இருக்கிறது. காற்று ஒரு சதவீதம் கூடினால் வலிமை சுமார் 5 சதவீதம் குறையும் என்பது உண்மை. அதைக் காட்டி "காற்று வேண்டாம், கலவையை இன்னும் ஸ்ட்ராங்காகப் போடலாம்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். தண்ணீரைக் குறைத்தால் அந்த வலிமையைத் திரும்பப் பெற்றுவிடலாம். கனடாவின் சிஎஸ்ஏ ஏ23.1 தரநிலை, உப்பும் உறைபனியும் படும் டிரைவ்வே போன்ற தளத்துக்கு சி-2 என்று ஒரு வகையே வைத்திருக்கிறது: 32 மெகாபாஸ்கல் (சுமார் 4,600 பிஎஸ்ஐ) வலிமை, சிமென்ட்டின் எடைக்கு 0.45 பங்குக்கு மேற்படாத தண்ணீர், 5 முதல் 8 சதவீதம் காற்று. ஆலையில் கலந்து லாரியில் வரும் ரெடிமிக்ஸ் ஆர்டர் செய்யும்போது இந்த மூன்று எண்ணையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

எழுதி வாங்கியது வாசலில் வந்து கெடும். லாரி வந்ததும், பரப்பச் சுலபமாக இருக்கட்டும் என்று குழாயைத் திறந்து கலவையில் தண்ணீர் விடுவார்கள். மொத்த வேலையிலும் இதைவிடப் பெரிய கெடுதல் கிடையாது. இளக்கம் வேண்டுமென்றால் அதற்கான ரசாயனத்தை ஆலையிலேயே சேர்க்கச் சொல்லலாம்.

அடுத்தது 4 அங்குலமா, 5 அங்குலமா. காருக்கு 4 போதும் என்பதுதான் வழக்கம். ஆனால் 5 ஆக்கினால் கலவை கால் பங்குதான் கூடும், வளைவைத் தாங்கும் திறனோ கனத்தின் இருமடியைப் பொறுத்தது என்பதால் ஏறக்குறைய ஒன்றரை மடங்காகும். சாமான் லாரியோ குப்பை வண்டியோ ஏறும் வாய்ப்பிருந்தால் யோசிக்கவே வேண்டாம். அலங்காரத்துக்குச் செலவழிக்க நினைத்ததை இந்த ஒரு அங்குலத்துக்குக் கொடுக்கலாம்.

தளத்துக்குள் வைக்கும் கம்பி, மெஷ் (கம்பிவலை), கலவையில் சேர்க்கும் ஃபைபர் (நுண்ணிழை) என்ற போட்டியில் பேச்சு அதிகம், விஷயம் குறைவு. மூன்றுமே விரிசலை முழுக்கத் தடுப்பதில்லை. கம்பி, விட்ட விரிசல் அகலமாகாமல் பிடித்து வைக்கும். மெஷ் காகிதத்தில் நல்லதுதான், ஊற்றும்போது ஆட்கள் மிதித்து மிதித்து அது தரையோடு போய் ஒட்டிக்கொள்ளும், அங்கே அதனால் பயனில்லை. ஃபைபர், ஈரம் காயும் முதல் சில மணி நேரத்து மயிரிழை விரிசல்களைக் குறைக்கும். நான் கம்பிக்குத்தான் வாக்களிப்பேன், அதுவும் முட்டுக்கொடுத்துத் தளத்தின் நடுவில் நிற்க வைத்தால் மட்டும். விரிசல் எங்கே விழ வேண்டும் என்று முடிவு செய்வது ஜாயின்ட், அதாவது தளத்தில் வெட்டிவிடும் கோடு. 4 அங்குலத் தளத்தில் 8 முதல் 10 அடிக்கு ஒன்று, ஆழம் கனத்தில் கால் பங்கு. வெட்டுவதை நாலு நாள் தள்ளிப்போட்டால், கான்கிரீட் தானே இடம் பார்த்து விரிந்திருக்கும். கராஜ் தளத்தைத் தொடும் இடத்தில் இரண்டையும் ஒட்டவிடாமல் இடையில் பட்டை வைக்க வேண்டும்.

மேற்பரப்பு விஷயத்தில் அழகுக்கும் ஆயுளுக்கும் நேரடி மோதல். இரும்புக் கரண்டியால் வழவழவென்று இழைத்த தளம் பார்க்கப் பளிச்சென்று இருக்கும். ஆனால் அப்படி அழுத்தி இழைக்கும்போது மேற்பரப்பில் இருந்த குமிழிகள் நசுங்கிப் போகும், கசிந்து மேலே வரும் ஈரம் தோலுக்கடியில் மாட்டிக்கொள்ளும். முதலில் உரிவது அந்தத் தோல்தான். கசிவு நீர் காயும்வரை காத்திருந்து, துடைப்பத்தால் குறுக்கே கோடு இழுத்து விடுவதுதான் குளிருக்குச் சரி. பனியில் கால் வழுக்காமல் இருப்பதும் அதனால்தான். அச்சுப் பதித்து வண்ணம் ஏற்றும் தளங்கள் படத்தில் அருமை. மேலே பூசும் பளபளப்பு ஈரத்தில் வழுக்கும், அடிக்கடி புதுப்பிக்கவும் வேண்டும்.

அப்புறம் உப்பு. இந்த ஒரு விஷயத்தில் தார் தெளிவாக ஜெயிக்கிறது. கான்கிரீட்டில் உப்பு பனியை உருக்கி, அந்த நீரை உள்ளே இறக்கி, மறுபடி உறைய வைத்து, சுழற்சிகளைக் கூட்டுகிறது. உப்பு நிறைய இருந்தால்தான் ஆபத்து என்பதும் இல்லை. 3 சதவீதத்தை ஒட்டிய மிதமான கரைசலில்தான் தோல் அதிகமாக உரிகிறது என்பது ஆய்வகங்களில் திரும்பத் திரும்பக் கண்டது. புதுத் தளத்துக்கு முதல் குளிர்காலத்தில் உப்பே கூடாது, மணல் தூவுங்கள். பிறகும் அளவோடுதான். கால்சியம் குளோரைடு கடுங்குளிரிலும் வேலை செய்யும் என்பதால் விரும்பப்படுகிறது, ஆனால் அது கான்கிரீட்டின் சுண்ணாம்புப் பகுதியோடு வேதிவினை புரியும். அம்மோனியம் நைட்ரேட், அம்மோனியம் சல்பேட் கலந்த எதுவும் தளத்தை அரித்தே விடும். உரமாக விற்பதை எடுத்துப் பனிமேல் தூவுகிறவர்கள் இருக்கிறார்கள், அதனால் சொல்கிறேன். கடையில் சீலர் (நீர்த்தடுப்புப் பூச்சு) வாங்கினால் சிலேன் அல்லது சிலாக்சேன் வகையாக, உள்ளே ஊறி நீரைத் தடுத்து ஆவியை வெளியே விடுகிறதாகப் பார்த்து வாங்குங்கள். மேலே படலமாக நிற்கும் அக்ரிலிக் அந்த வேலையை அவ்வளவு நன்றாகச் செய்வதில்லை.

யாருக்கு எது?

அடிமண் வண்டலாக இருந்து, தோண்டி மாற்ற வசதியில்லை, தெருவிலிருந்து வண்டிச் சக்கரத்தோடு உப்பு தினமும் வந்து சேரும் என்றால் தாரே போதும். பிடிவாதமாகக் கான்கிரீட் போட்டு வருத்தப்பட வேண்டாம். அடியில் குழாயோ கேபிளோ போகிறது, எப்போது வேண்டுமானாலும் தோண்ட நேரிடும் என்றால் பேவர். நிலம் நன்றாக வடியும், கலவையை நீங்களே நின்று கவனிக்க முடியும், முதல் குளிர்காலத்தில் மணலோடு சமாளிக்கும் பொறுமையும் உண்டு என்றால் கான்கிரீட்டுக்கு நிகரில்லை.

கடைசியாகக் காலம். இலையுதிர்காலத்தின் கடைசியில் மேஸ்திரி ஒருவர், "வாருங்கள், முடித்துவிடலாம், போர்வை போட்டு மூடிக்கொள்ளலாம்" என்பார். தார் விஷயத்தில் அந்த நேரத்தில் ஆலைகளே மூடத் தொடங்கிவிடும், பேச்சு அதோடு முடிந்தது. கான்கிரீட்டோ கிடைக்கும், அதுதான் சிக்கல். வெப்பநிலை 4 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போகும் என்றாலே குளிர்கால முறைகள் வேண்டும் என்பது கட்டுமான விதி. சுமார் 3.5 மெகாபாஸ்கல் வலிமை வருவதற்குள் உறைந்துவிட்டால் அந்தத் தளம் பிறகு தேறாது. போர்வை போட்டு அந்தக் கட்டத்தைத் தாண்டிவிடலாம். ஆனால் ஒரு வாரம் ஈரத்தோடு வைத்து இறுகவிடும் கியூரிங் முடிந்து, அதற்குப் பிறகு ஒரு மாதமாவது காய்ந்து, உள்ளே நிறைந்த ஈரம் வெளியேறிய பிறகுதான் முதல் உறைபனியைப் பார்க்க வேண்டும். போர்வை அந்த ஒரு மாதத்தைத் தராது. அதற்கு நான் சொல்லும் மாற்று: இலையுதிர்காலத்தில் மண்ணைத் தோண்டி, ஜல்லியைப் போட்டு, அடுக்கடுக்காக இறுக்கி, அதோடு நிறுத்திவிடுங்கள். குளிர்காலம் முழுக்க அதன்மேலேயே வண்டி ஓட்டுங்கள். பனி உருகும்போது எங்கே தண்ணீர் தேங்குகிறது, எங்கே சக்கரம் அமுங்குகிறது என்று குறித்துக்கொண்டு, அந்த இடங்களைச் சரிசெய்து, வசந்தத்தின் பிற்பகுதியில் கான்கிரீட்டை ஊற்றுங்கள்.