இரண்டு நிமிடக் கோட்டோவியமா, அரை மணி நேர முகச்சித்திரமா?

டேப்லெட்டில் நேரம் குறித்து முகம் வரைந்து பழகுபவருக்கு 2 நிமிடக் கோட்டோவியத்தையே நான் முதலில் பரிந்துரைப்பேன். எழும்பூர் ரயில் நிலைய நடைமேடையில் பெட்டிமீது சாய்ந்து உறங்கும் பயணியை வரையும்போது, இமைமயிருக்கெல்லாம் நேரமில்லாததால், தலையின் சாய்வு, கழுத்து தோளுக்கு இறங்கும் கோடு, மூக்கடி நிழல் ஆகியவற்றை மட்டும் தேடக் கண் பழகுகிறது. அழித்துத் திருத்தும் வசதியைக் கை நாடுவதே இல்லை. பயணி விழித்தெழுந்து முகம் திருப்பிவிட்டாலும் சாய்வு நம்மிடம் தங்கிவிடும்.

30 நிமிடப் பயிற்சியோ, கண்கள் தலையின் உயரத்தில் ஏறத்தாழ நடுவில் அமைவதைச் சரிபார்க்கவும், ஒளியையும் நிழலையும் தனித்தனி லேயர்களில் (ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்து, தனித்தனியே திருத்தக்கூடிய வரைதளங்களில்) பிரிக்கவும் அவகாசம் தருகிறது. ஆயினும் திரையைப் பெரிதாக்கி ஒற்றைக் கண்ணிலேயே மூழ்கிவிடும் ஆபத்து அதில் உண்டு என்பதால், முதல் 10 நிமிடமாவது முழு முகமும் தெரியும்படி வைத்து வரைய வேண்டும்.