ஷோஸ்டகோவிச் பெட்டி: பார்ஷாயின் 15 சிம்பொனிகள்

ரஷ்ய இசையமைப்பாளர் ஷோஸ்டகோவிச்சின் 15 சிம்பொனிகளும் ஒரே பெட்டியில், 11 குறுந்தகடுகளில். ருடால்ஃப் பார்ஷாய் நடத்த, கொலோன் நகர வானொலி இசைக்குழு 1992 முதல் 2000 வரை பதிவு செய்தவை. 14ஆவது சிம்பொனியை 1969இல் முதன்முதலில் அரங்கேற்றியவரே பார்ஷாய்தான். அதற்காக வாங்கினேன், ஆனால் என்னைப் பிடித்து உட்காரவைத்தது 8ஆவது.

அதன் மூன்றாம் பகுதியை வயோலாக்கள் (வயலினைவிடச் சற்றுப் பெரிய, தாழ்ந்த குரலுள்ள கருவிகள்) மட்டும் தொடங்கும். தறி ஓடுவது போல ஒரே சீரான தாளம், நிற்கவே நிற்காது. பார்ஷாய் அடிப்படையில் வயோலா கலைஞர். மற்ற பதிவுகளில் பின்னணிக்குப் போய்விடும் அந்த வரி இங்கே கடைசிவரை காதில் விழுகிறது. வேகத்தைக் கூட்டிப் பயமுறுத்த அவர் முயலவில்லை, அதனாலேயே பயமாக இருக்கிறது.

4ஆவதும் அருமை. 1936இல் ஒத்திகையோடு நின்று, 1961இல்தான் மேடையேறிய படைப்பு அது. முதல் அரங்கேற்றத்தை நடத்திய கொண்ட்ராஷினின் பதிவில் இருக்கும் வெறி இதில் கிடையாது. ஒலித்தெளிவில் இதுவே மேல். செலஸ்டா (மணி போல ஒலிக்கும் விசைப்பலகைக் கருவி) ஒலிக்க, மெல்ல அடங்கும் அந்த முடிவை ஹெட்போனில் கேளுங்கள், அக்கம்பக்கம் அமைதியாக இருந்தால்.

2, 3 சரி, ஒருமுறை கேட்கலாம். 12ஆவதை யார் நடத்தினாலும் எனக்கு ஒட்டுவதில்லை. 7ஆவதில் மட்டும் இன்னும் கொஞ்சம் உக்கிரம் வேண்டும், அதற்கு வேறு பதிவு தேடத்தான் வேண்டும். புதிதாகக் கேட்பவர்கள் 5இல் தொடங்கி, அப்புறம் 10க்குப் போகலாம்.