பீடோங்கில் தங்கிப் படிக்க: விடுதியா, வாடகை வீடா, ஒரு குடும்பத்தோடா?

மலேசியாவின் கெடா மாநிலத்துச் செமிலிங்கில் இருக்கும் ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகத்துக்குத் தமிழ்நாட்டிலிருந்து படிக்க வருபவர்களுக்குத் தங்க மூன்று வழிகள் உண்டு. வளாக விடுதி, நாலைந்து பேர் சேர்ந்து எடுக்கும் வாடகை வீடு, பக்கத்துத் தோட்டப்புற ஊரான பீடோங்கில் ஒரு தமிழ்க் குடும்பத்து வீட்டில் ஓர் அறை. மூன்றிலும் இருந்து பார்த்தவள் நான். முதல் வருடத்துக்கு என் ஓட்டு குடும்பத்துக்குத்தான். ஆனால் எல்லாக் குடும்பத்துக்கும் இல்லை.

விடுதியைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. வகுப்புக்கு நடந்தே போகலாம், தேர்வு நேரத்தில் அதற்கு ஈடே கிடையாது. ஆனால் நம்மூர்ப் பிள்ளைகளோடு மட்டுமே பேசிப் பேசி என் முதல் ஆறு மாதம் போய்விட்டது. மலேசியாவில் இருக்கிறோம் என்பதே மறந்துவிட்டது.

வாடகை வீட்டில் சுதந்திரம் அதிகம், கணக்கும் அதிகம். மாத வாடகை 600 வெள்ளி (ரிங்கிட்டை இங்கே தமிழர்கள் வெள்ளி என்றுதான் சொல்வார்கள்) என்று வைத்துக்கொள்ளுங்கள். வழக்கமாக இரண்டு மாத முன்பணம், தண்ணீர் மின்சாரத்துக்கு அரை மாதம், முதல் மாத வாடகை என்று சாவி கைக்கு வருமுன் 2,100 வெள்ளி எண்ணி வைக்க வேண்டும். எங்கள் வீட்டில் ஒருத்தி நடுவில் படிப்பை விட்டுப் போனாள், அவள் பங்கு எங்கள் தலையில் விழுந்தது. அப்புறம், மோட்டார் (இங்கே மோட்டார் சைக்கிளை அப்படித்தான் சொல்வார்கள்) இல்லாவிட்டால் இந்தப் பக்கம் ஒரு பாக்கெட் பால் வாங்குவதுகூட ஒரு பயணம்தான்.

குடும்பத்தோடு இருப்பது வேறு மாதிரி. நான் இருந்த வீட்டுப் பாட்டி முப்பது வருடம் பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர். தோட்டத்தை விட்டுத் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுக்கு வந்து எத்தனையோ வருடம் ஆகியும் விடிகாலை நாலரைக்கு எழுந்துவிடுவார். அதனால் ஒன்பது மணிக்கு மேல் வீடு அடங்கிவிடும். இந்தியாவைவிட இங்கே இரண்டரை மணி நேரம் முன்னால். ஊரில் அம்மா வேலையெல்லாம் முடித்து ஒன்பதுக்குக் கூப்பிட்டால் இங்கே பதினொன்றரை. கடைசியில் அம்மா ஆறு மணிக்குக் கூப்பிடுவது என்று ஏற்பாடு செய்துகொண்டோம். வார விடுமுறையும் கெடாவில் வெள்ளியும் சனியும்தான். முதல் ஞாயிறு காலை வீட்டுப் பிள்ளைகள் பள்ளிக்குக் கிளம்பும் சத்தத்தில் திடுக்கிட்டு எழுந்தேன்.

பேச்சு புரியவும் கொஞ்ச நாளானது. முதல் நாள் காலையில் அந்த வீட்டு ஆன்ட்டி, “பசியாறிட்டியாம்மா?” என்றார். பசி தணிந்ததா என்று கேட்கிறார் என நினைத்து, “பசியே இல்லை ஆன்ட்டி” என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. இங்கே பசியாறுவது என்றால் காலைச் சாப்பாடு. அவர் செய்து வைத்திருந்த தோசையை நான் வேண்டாம் என்று சொன்னதாக ஆகிவிட்டது.

அந்த வீட்டை என்னால் மறக்க முடியாததற்குக் காரணம் ஒரு காய்ச்சல். இரண்டு நாளாக நான் தேத்தண்ணி குடிக்கவில்லை என்பதைக் கவனித்தவர் பாட்டி. அங்கிள் அன்றிரவே காடியில் (காரில்) பக்கத்துப் பட்டணமான சுங்கைப்பட்டாணிக்குக் கூட்டிப்போனார். டெங்கி என்றார்கள். விடுதியில் இருந்தபோதும் எனக்குக் காய்ச்சல் வந்திருக்கிறது. அறைத்தோழி ஊருக்குப் போயிருந்தாள், மூன்று நாள் யாருக்கும் தெரியாமல் படுத்துக் கிடந்தேன். எங்கே போகிறாய், எப்போது வருவாய் என்று ஒவ்வொரு முறையும் சொல்லிவிட்டுக் கிளம்புவது சிலருக்குப் பாரமாக இருக்கும். எனக்கும் இருந்தது. டெங்கிக்குப் பிறகு அது உறுத்தவில்லை.

ஆனால் என் தோழிக்கு அமைந்த வீடு அப்படி இல்லை. சாயங்காலம் தங்கள் சாப்பாட்டுக் கடையில் உதவினால் வாடகையைக் குறைக்கிறோம் என்றார்கள். மாணவர் விசாவில் அது ஆபத்து. விடுமுறைக் காலத்தில் மட்டும், வாரம் 20 மணி நேரம் வரை, குடிநுழைவுத் துறை (இமிகிரேஷன்) அனுமதியோடு, குறிப்பிட்ட சில இடங்களில்தான் வேலை செய்யலாம். வீட்டுக்காரர் பாசமாகக் கேட்கும்போது மறுப்பது கஷ்டம். அவள் ஒரு மாதத்தில் விடுதிக்கே திரும்பிவிட்டாள்.

அறை தேடும்போது ‘ஹோம்ஸ்டே’ பலகையைப் பார்த்துப் போய் நிற்காதீர்கள். பெரும்பாலும் அது கல்யாணம் காட்சிக்கு வருபவர்களுக்கு நாள் வாடகைக்கு விடும் முழு வீடாக இருக்கும். கோயிலிலோ, உங்களுக்கு முன்னால் வந்த மாணவர்களிடமோ விசாரியுங்கள். அறையைப் பகலில் மட்டும் பார்க்காமல், எல்லோரும் வீட்டில் இருக்கும் ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் ஒருமுறை போய்ப் பாருங்கள். அடுப்படியில் நீங்களே சமைத்துக்கொள்ளலாமா, கதவு எத்தனை மணிக்குப் பூட்டுவார்கள், ஏர்கோன் (ஏ.சி.) செலவு வாடகையில் சேர்ந்ததா என்று அப்போதே கேட்டுவிடுங்கள். ஏர்கோனைப் பற்றி நான் கேட்காமல் விட்டேன், முதல் மாதக் கரண்ட் பில்லை அங்கிளும் நானும் தயங்கித் தயங்கிப் பேச வேண்டியதாயிற்று.