தானா இறங்குற ஸ்டேஜும் நானும்: ஆறு வருஷ டயாட்டம் மைக்ராஸ்கோப் அனுபவம்

நான் வச்சிருக்க அதே ஃபேஸ் கான்ட்ராஸ்ட் மைக்ராஸ்கோப் (கண்ணாடி மாதிரி தெளிவான செல்லையும் எடுப்பா காட்டுறது) மாடல் பழசு ஒன்னு கைக்கு வருது, கடல் டயாட்டத்தை (கண்ணாடி மாதிரி ஓடு இருக்க ஒத்தை செல் பாசி) என்ன வகைன்னு ஐடி பண்ண எடுக்கலாமான்னு ஒரு நண்பர் கேட்டார். என்னோடது போன வாரம்தான் ரிப்பேர்ல இருந்து வந்துச்சு, கொஞ்சம் கடுப்புல இருக்கேன், அதை மனசுல வச்சுக்கிட்டு படிங்க. லென்ஸ் விவரமெல்லாம் எழுதல, கேக்குற ஆளுக்கே அது தெரியும்.

ஸ்லைடு வைக்கிற மேடை, அதாவது ஸ்டேஜ், தானா இறங்கும். ரிப்பேருக்கு முன்னாடி ஆறு வருஷமா இதே கதைதான். 10எக்ஸ்ல உறைக்காது, எண்ணெய் சொட்டு விட்டுப் பாக்குற 100எக்ஸ் லென்ஸுக்குப் போனதும் உசுரை வாங்கும், ஏன்னா அங்க ஃபோக்கஸ் ஆழம் ஒரு மைக்ரான் (மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு) கூட கிடையாது. டயாட்டம் ஐடில பாதி வேலை ஓட்டு மேல இருக்க கோடுகளை எண்றதுதான், 10 மைக்ரான் நீளத்துல எத்தனை கோடுன்னு. பதினொன்னு, பன்னெண்டுன்னு வரும்போது படம் மெதுவா மங்கும், ஃபைன் நாப்பை திருப்பி புடிக்கிறதுக்குள்ள எந்தக் கோட்டுல நின்னேன்னு மறந்துரும், மறுபடி ஒன்னுல இருந்து. சூடோ நிட்சியான்னு ஊசி மாதிரி மெலிசான டயாட்டம் ஒன்னு, அதோட ஒரே செல்லுக்கு நாலு தடவை எண்ணி நாலு நம்பர் எழுதின நாளும் உண்டு.

ஆனா சூடோ நிட்சியா விஷயத்துல மைக்ராஸ்கோப்பை திட்டுறது நியாயமில்ல, நானும் முதல் வருஷம் திட்டினேன். கணக்கு போட்டுப் பாருங்க, லென்ஸ் வெளிச்சத்தை வாங்குற அளவு (என்ஏ) 1.25, பச்சை வெளிச்சம்னா பிரிச்சுக் காட்டுறது 0.27 மைக்ரான் வரைக்கும்தான். சூடோ நிட்சியாவுல டெலிகாட்டிசிமாங்கிற ஸ்பீசிஸுக்கு 10 மைக்ரான்ல 35ல இருந்து 40 கோடு, அதாவது இடைவெளி 0.25ல இருந்து 0.29. கரெக்டா விளிம்புல நிக்குது. அதனால செல் அகலம் 3 மைக்ரானுக்கு மேலன்னா சீரியாட்டா குரூப், கீழன்னா டெலிகாட்டிசிமா குரூப்னு எழுதிட்டு நிறுத்திக்கணும், ஸ்பீசிஸ் வேணும்னா எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் இல்ல டிஎன்ஏ. அப்படி நிறுத்துறது உறுத்தும், ஏன்னா 1987ல கனடாவோட பிரின்ஸ் எட்வர்ட் தீவுல மஸல் சிப்பி தின்னவங்க செத்ததுக்குக் காரணமான டோமாயிக் ஆசிட்ங்கிற விஷம் இந்த ஜீனஸ்ல (பல ஸ்பீசிஸ் அடங்கின தொகுதி) இருந்து வந்ததுதான், அதுலயும் எல்லா ஸ்பீசிஸும் அதை உண்டாக்குறதில்ல. ஸ்கெலட்டோனீமான்னு இன்னொரு டயாட்டம் ஜீனஸும் இதே பஞ்சாயத்துதான். பழைய கையேட்டை நம்பி முதல் நோட்டு பூரா அதோட ஸ்பீசிஸ் பேரா கோஸ்டாட்டம், கோஸ்டாட்டம்னு எழுதி வச்சிருக்கேன், 2005லயே அந்தப் பேருக்குள்ள பல ஸ்பீசிஸ் ஒளிஞ்சிருக்குன்னு பிரிச்சுட்டாங்க, இப்ப ஒவ்வொரு பக்கமா அடிச்சு "ஸ்கெலட்டோனீமா ஏதோ ஒன்னு"ன்னு மாத்திக்கிட்டு இருக்கேன்.

சரி, நல்லதையும் சொல்லணும். வசந்தகாலத்துல பாசி பெருகுற ப்ளூம்ல எடுத்த சாம்பிளை அப்படியே தண்ணியோட ஃபேஸ்ல வைங்க, கீட்டோசெரஸ்ங்கிற டயாட்டத்தோட முடியெல்லாம் நுனி வரைக்கும் தெரியும். சாதா வெளிச்சத்துல அந்த முடி பாதி மறைஞ்சிடும். முடிக்குள்ள பச்சையம் இருக்கா இல்லையான்னு பாத்தாலே அந்த ஜீனஸ்ல ரெண்டு பெரிய பிரிவை பிரிச்சுடலாம், அதுக்கு இது போதும் (கெடாம இருக்க லுகால்ங்கிற அயோடின் கரைசல் ஊத்தின சாம்பிள்னா எல்லாமே பழுப்பாயிடும், உயிரோட பாக்குறதுதான் சுகம்). பக்கவாட்டுல கிடக்குற செல்லை மேல்பக்கம் திருப்ப கவர் கிளாஸ் ஓரத்துல ஊசியால லேசா தட்டுவேன், புரளும், சில சமயம் ஓடியும் போயிரும். காசினோடிஸ்கஸ் மாதிரி தடி ஓடு இருக்க டயாட்டத்துக்கு மட்டும் ஃபேஸ் வேண்டாம், சுத்தி ஒளிவட்டம் கட்டி அசிங்கமா இருக்கும்.

எதிர்பாக்காத சந்தோஷம் ஒன்னு இருக்கு. பெராக்சைடுல கழுவி மவுண்ட் பண்ண ப்ளூரோசிக்மா டயாட்டம் ஸ்லைடு ஒன்னை சாதா வெளிச்சத்துல பாத்துட்டு இருந்தேன், 10 மைக்ரானுக்கு 20 கோடு கிட்ட, மொழுக்குன்னு சாம்பலா கிடந்துச்சு. கை தெரியாம கண்டென்சர் டரட்ல (ஸ்டேஜுக்குக் கீழ வெளிச்சத்தோட வகையை மாத்துற சுழல் தட்டு) பட்டு அது ரெண்டு நிலைக்கு நடுவுல நின்னுருச்சு, வெளிச்சம் ஒரு பக்கமா சாய்ஞ்சு வந்து கோடெல்லாம் சீப்பு வச்சு வாரின மாதிரி எந்திரிச்சு நின்னுச்சு. அன்னைக்கு ராத்திரி தூங்கல. இன்னைக்கும் வேணும்னே டரட்டை பாதியில நிறுத்திதான் எண்றேன்.

இப்ப ரிப்பேருக்கு வர்றேன். மெக்கானிக் என்ன பண்ணாருன்னு நினைக்கிறீங்க, பெரிய ஃபோக்கஸ் நாபுக்குப் பின்னாடி இருக்க டென்ஷன் வளையத்தை கால் சுத்து இறுக்கினார். அவ்ளோதான். ரெண்டு நிமிஷம். ஆறு வருஷம் நான் அந்த வளையத்தை அலங்காரம்னு நினைச்சுட்டு இருந்திருக்கேன். அவரும் சும்மா விடல, கண்டென்சர்ல இருக்க ஃபேஸ் வளையத்தோட சென்டரை கலைச்சுத்தான் குடுத்தார், வீட்டுக்கு வந்து சென்டரிங் டெலஸ்கோப் போட்டு அரை மணி நேரம் திருகி சரி பண்ணேன்.

ஸ்டேஜ் இப்ப இறங்குறதில்ல, ஆனா நாப் இறுகிப்போய் ராத்திரி முழுக்க எண்ணினா கட்டைவிரல் வலிக்குது. அதனால நண்பரே, எடுக்காதீங்க, ஸ்பீசிஸ் வரைக்கும் போற ஆசை இருந்தா இது காலை வாரும். நீங்க எடுக்கலைன்னா மட்டும் எனக்கு ஒரு போன் போடுங்க, அந்தப் பழசை ரெண்டாவதா நான் எடுத்துக்கிறேன்.