வெற்றிலைக் காம்பா, விளக்கெண்ணெயா, கிளிசரினா? கைக்குழந்தைக்கு வயிறு இறங்காத நாட்களில்

மகளுக்கு ஒன்பது வாரம் நடந்துகொண்டிருந்தது. சேலம் அஸ்தம்பட்டியில் அம்மா வீட்டில் இருந்தேன். ஆறு நாளாகப் பிள்ளை ஆய் போகவில்லை. காலையில் அம்மா வெற்றிலைக் காம்பைக் கிள்ளி, எண்ணெயில் தோய்த்து எடுத்துக்கொண்டு வந்தார். மதியம் ஏத்தாப்பூரிலிருந்து அத்தை வந்தார். அவர் பையில் வீட்டிலேயே காய்ச்சிய விளக்கெண்ணெய் இருந்தது. பக்கத்து வீட்டு அக்கா கிரைப் வாட்டர் பாட்டிலோடு எட்டிப் பார்த்தார். கணவர் மருந்துக் கடையில் கேட்டு, ஆசனவாயில் வைக்கும் கிளிசரின் மருந்தை வாங்கி வந்துவிட்டார். நான்கு பேருக்குமே பிள்ளை மேல் அக்கறைதான். எதை எடுப்பது என்று தெரியாமல் நான் அழுதுகொண்டிருந்தேன்.

மறுநாள் குழந்தை மருத்துவர் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு மூன்று கேள்விதான் கேட்டார். கடைசியாகப் போனது எப்படி இருந்தது? ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஒன்றுக்குப் போகிறாள்? பால் குடிக்கிறாளா? கடுகு நிறத்தில் குழைவாக இருந்தது, ஏழெட்டுத் தடவை நனைக்கிறாள், நன்றாகக் குடிக்கிறாள் என்றேன். "அப்போ இது மலச்சிக்கலே இல்லைம்மா. ஒண்ணும் கொடுக்க வேண்டாம்" என்றார். எட்டாம் நாள் தானாகவே போனாள், அதே குழைவோடு.

அதனால் எந்த மருந்து உசத்தி என்று பார்ப்பதற்கு முன்னால், உண்மையிலேயே சிக்கல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இங்கே நாள் கணக்கு உதவாது, பதம்தான் உதவும். தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தை ஆறு வாரத்துக்கு மேல் ஒரு வாரம், சில நேரம் பத்து நாள்கூடப் போகாமல் இருக்கலாம். வரும்போது இளக்கமாக வந்தால் கவலை இல்லை. ஆட்டுப் புழுக்கை மாதிரி கெட்டியாக, உருண்டை உருண்டையாக வந்தால்தான் அது மலச்சிக்கல், தினமும் போனாலும் சரி. இன்னொன்று, பத்து நிமிடத்துக்கு மேல் முக்கி, முகம் சிவந்து, வீறிட்டு அழுதுவிட்டுக் கடைசியில் குழைவாகப் போகிற குழந்தைகள் உண்டு. வயிற்றை அழுத்தும்போதே ஆசனவாயைத் தளர்த்த வேண்டும் என்பது அந்தச் சின்ன உடம்புக்கு இன்னும் பிடிபடவில்லை, அவ்வளவுதான். தானாகவே சரியாகிவிடும். ஆனால் முதல் மாதத்துக் குழந்தை சரியாகப் போகவில்லை என்றால் விஷயம் வேறு. பால் போதவில்லை என்பதற்கு அது அடையாளமாக இருக்கலாம். அப்போது மருந்து தேடக் கூடாது. பிள்ளை மார்பைச் சரியாகப் பற்றுகிறதா, எடை ஏறுகிறதா என்று மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

சரி, அன்றைக்கு வீட்டுக்கு வந்தவற்றைப் பார்ப்போம். வாய் வழியாகப் போவது எது, பின்வழியாகப் போவது எது, தோலோடு நின்றுவிடுவது எது என்று பிரித்துக்கொண்டால் எனக்குத் தெளிவாகிறது.

அம்மாவின் வெற்றிலைக் காம்பும் கணவர் வாங்கி வந்த கிளிசரினும் நேரடிப் போட்டியாளர்கள். காம்பில் மருந்து ஒன்றும் இல்லை. ஆசனவாயைத் தூண்டிவிடுகிறது, அந்தத் தூண்டுதலில் குடல் தள்ளுகிறது. சட்டென்று பலன் தெரிவதால்தான் மூன்று தலைமுறையாக அதை நம்புகிறோம். ஆனால் கிள்ளிய முனை கூராக இருக்கும், பிள்ளை காலை உதறும், அந்த இடத்துத் தோலோ மெல்லிசு. ஒரு கீறல் விழுந்தால் அடுத்த முறை போகும்போது வலிக்கும், வலிக்குப் பயந்து குழந்தை அடக்கும், அடக்கினால் மலம் இன்னும் இறுகும். சோப்பைச் சீவி வைக்கும் பழக்கமும் நம் பக்கம் உண்டு. அது காம்பைவிட மோசம், சோப்பின் காரம் உள்சவ்வைப் புண்ணாக்கிவிடும். கிளிசரின் வழுவழுப்பானது. தூண்டுவதோடு நீரை இழுத்து மலத்தையும் கொஞ்சம் இளக்கும். பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் வேலை செய்துவிடும். கைக்குழந்தைக்கென்று சின்ன அளவு தனியாக இருக்கிறது, பெரியவர்களுக்கு உள்ளதை வெட்டி வைக்கக் கூடாது. இந்த இரண்டில் நான் கிளிசரினைத்தான் எடுப்பேன், அதுவும் மருத்துவர் சொல்லி, எப்போதாவது ஒரு முறை. வாரா வாரம் வைத்தால் காம்புக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. தானாகத் தள்ளப் பழக வேண்டிய பிள்ளை வெளியிலிருந்து வரும் தூண்டுதலுக்குப் பழகிப்போகும்.

அடுத்தது விளக்கெண்ணெய். எங்கள் மாவட்டத்தில் இதன் மீது கை வைப்பது சுலபமில்லை. ஆமணக்கு விளையும் பூமி இது. ஏத்தாப்பூரில் மரவள்ளிக்கும் ஆமணக்குக்கும் என்றே வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. கொட்டமுத்தை வறுத்து, இடித்து, கொதிக்க வைத்து, மேலே மிதக்கும் எண்ணெயை வழித்து எடுக்கிற கைப்பக்குவத்தை அத்தை தன் மாமியாரிடம் கற்றுக்கொண்டவர். அந்த எண்ணெயை வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். குடலுக்குள் போனதும் அது ரிசினோலிக் அமிலமாகப் பிரிந்து குடலைச் சுருங்க வைக்கிறது. பெரியவர்களுக்கே வயிற்றை முறுக்கும். ஐந்து கிலோ பிள்ளைக்கு அதே முறுக்கல் வலியாகவும், பேதியாகி நீர் வற்றிப் போகிற ஆபத்தாகவும் முடியலாம். அதைவிட எனக்குப் பயம் தருவது புகட்டும் விதம்தான். மடியில் மல்லாக்கப் போட்டு, மூக்கைப் பிடித்து, சங்கில் ஊற்றும்போது பிள்ளை அழுது மூச்சை இழுத்தால் எண்ணெய் நுரையீரலுக்குள் போய்விடும். தண்ணீர் போனால் இருமல் வரும். எண்ணெய் அந்த அளவுக்கு இருமலைத் தூண்டாமலே இறங்கி, உள்ளே தங்கி நிமோனியாவைக் கொண்டுவரும். மூக்கிலும் தொப்புளிலும் எண்ணெய் விடும் வழக்கத்தில், மூக்கில் விடுவதற்கும் இதே ஆபத்து உண்டு.

உரை மருந்தும் வாய் வழிதான். வசம்பு, கடுக்காய், மாசிக்காய், ஜாதிக்காய், சுக்கு எல்லாவற்றையும் கல்லில் இழைத்து நாக்கில் தடவுவார்கள். வசம்புக்குப் பிள்ளை வளர்ப்பான் என்றே பெயர். ஆனால் இந்தக் கூட்டைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கடுக்காயை மலம் இளகுவதற்காகச் சேர்க்கிறோம். மாசிக்காயோ துவர்ப்பு, பேதியை நிறுத்தக் கொடுப்பது. இரண்டும் ஒரே கல்லில். எத்தனை இழைப்பு போட்டோம் என்பதற்கு அளவும் கிடையாது. வசம்பில் இருக்கும் பீட்டா அசரோன் விலங்குகளுக்குப் புற்றுநோய் உண்டாக்கியதால், அமெரிக்காவில் 1968இல் அதை உணவில் சேர்க்கத் தடை போட்டார்கள். மலத்தை இளக்க இது தேவையில்லை என்பது என் தீர்மானம். வசம்பு வளையத்தை மட்டும் அம்மாவின் மனத்துக்காகக் கையில் கட்டியிருந்தேன். மகள் கையை வாயில் வைக்கத் தொடங்கிய வாரமே கழற்றிவிட்டேன்.

கிரைப் வாட்டரைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. 1851இல் இங்கிலாந்தின் நாட்டிங்காமில் வில்லியம் வுட்வர்ட் என்ற மருந்துக்காரர் செய்தது. அந்தக் காலத்தில் அதில் சாராயச் சத்தும் சர்க்கரையும் இருந்தன. இப்போது விற்பதில் சாராயம் இல்லை. எப்படி இருந்தாலும் அது மலத்தை இளக்கச் செய்த மருந்து அல்ல. தேன் தடவுவது, சர்க்கரைத் தண்ணீர் கொடுப்பது இரண்டையும் அதோடு சேர்த்தே ஒதுக்குங்கள். தேனில் இருக்கக்கூடிய நுண்ணுயிர் ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தையின் குடலில் முளைத்து பொட்டுலிசம் என்ற நோயைத் தரலாம், அதன் முதல் அறிகுறியே மலச்சிக்கல்தான். சேலத்துச் சித்திரை வெயிலில்கூட ஆறு மாதத்துக்குள் தனியாகத் தண்ணீர் தேவையில்லை. தாய்ப்பாலில் கிட்டத்தட்ட 88 சதவீதம் தண்ணீர்.

மீதி இருப்பது தோலோடு நிற்கும் வழி. இளஞ்சூட்டு வெந்நீரில் குளிக்க வைப்பது, தொப்புளைச் சுற்றிக் கடிகார முள் சுற்றும் திசையில் மெதுவாக நீவுவது, இரண்டு காலையும் மடக்கி மடக்கி சைக்கிள் மிதிப்பது போல் ஆட்டுவது. பெருங்குடல் வளைந்து போகிறதும் கடிகார முள் திசையில்தான். ஆனால் பால் குடித்த கையோடு செய்யக் கூடாது. பலன் பெரிதாகத் தெரியாமல் போகலாம், கெடுதல் இல்லை. அத்தையின் எண்ணெய்க்கும் இங்கே இடம் கிடைத்தது. உள்ளங்கையில் நாலு சொட்டு ஊற்றிச் சூடு பறக்கத் தேய்த்து அவரே நீவிவிடுவார், மகள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு கிடப்பாள்.

டப்பா பால் குடிக்கும் குழந்தைக்கு இந்தப் பட்டியலை எல்லாம் தொடும் முன் டப்பாவைப் பாருங்கள். பிள்ளை தேறட்டும் என்று கரண்டியைக் குவித்துப் போடுவதை எங்கள் தெருவிலேயே கண்டிருக்கிறேன். பால் கெட்டியானால் மலமும் கெட்டியாகும். முதலில் தண்ணீரை அளந்து ஊற்றி, அப்புறம் கரண்டியைத் தலைதட்டிப் போட வேண்டும். பசும்பால் ஒரு வயதுக்குள் வேண்டாம், அதுவும் மலத்தை இறுக்கும்.

ஆறு மாதம் முடிந்து சோறு ஊட்டும் வயதில் போட்டி வேறு மாதிரி ஆகிறது. எங்கள் ஊரில் சுலபமாகக் கிடைப்பது ஜவ்வரிசிக் கஞ்சி. குச்சிக்கிழங்கு மாவுதானே அது, முழுக்க மாவுச்சத்து, நார்ச்சத்து இல்லை என்றே சொல்லலாம். அதையே மூன்று வேளையும் கொடுத்தால் வயிறு இறுகுவதில் ஆச்சரியமில்லை. ஏழாம் மாதம் என் மகளுக்கு அதுதான் நடந்தது, இந்த முறை நிஜமான மலச்சிக்கல். ஏற்காட்டில் காபித் தோட்ட வேலைக்குப் போகும் சித்தி பேரிக்காய் கொண்டுவந்திருந்தார். தோல் சீவி, ஆவியில் வேகவைத்து, மசித்துக் கொடுத்தேன். பேரிக்காயில் சார்பிட்டால் என்ற ஒருவகைச் சர்க்கரை இருக்கிறது, குடலில் சரியாக உறிஞ்சப்படாமல் நீரை இழுத்து வைத்துக்கொள்ளும். சாப்பாட்டோடு நாலைந்து வாய் காய்ச்சி ஆறிய தண்ணீரும் கொடுத்தேன். உலர் திராட்சையை ஊறவைத்துப் பிழிந்த தண்ணீரை அம்மா சிபாரிசு செய்தார். கெடுதல் இல்லை, ஆனால் பழத்தை மசித்துக் கொடுத்தால் நாரும் சேர்ந்து போகும் என்பதால் பேரிக்காய்தான் என் தேர்வு.

இதற்கும் மசியாவிட்டால் மருத்துவர் லாக்டுலோஸ் எழுதுவார். இனிப்பான திரவ மருந்து, ரத்தத்தில் கலக்காமல் பெருங்குடலில் நீரைப் பிடித்து வைக்கும். வேலை செய்ய ஒன்றிரண்டு நாள் ஆகும், கொஞ்சம் வாயு சேரும். காம்பு போல உடனே நடக்கவில்லையே என்று அளவைக் கூட்டிவிடாதீர்கள். எடையைப் பார்த்து அவர் சொன்ன அளவுதான்.

சித்தியின் ஊர்க்காரர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். மலைமேல் இருந்து சேலத்துக்கு இருபது கொண்டை ஊசி வளைவு, சுமார் 30 கிலோமீட்டர். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று தோன்றும். பச்சையாக வாந்தி எடுத்தால், வயிறு உப்பிக் கல் மாதிரி ஆனால், காய்ச்சல் இருந்தால், மலத்தில் ரத்தம் தெரிந்தால், பால் குடிக்க மறுத்துத் துவண்டு கிடந்தால் இரவென்று பார்க்காமல் 108ஐக் கூப்பிட்டு இறங்கிவிடுங்கள். பிறந்து 48 மணி நேரமாகியும் முதல் கருமலம் போகாத குழந்தைக்குக் குடலில் நரம்பணுக்கள் இல்லாத பிறவிக் குறை இருக்கலாம், அறுவை சிகிச்சைதான் அதற்கு வழி. அப்படிப் பிறந்த பிள்ளைக்கு வீட்டில் காம்பு வைத்துக்கொண்டு நாளைக் கடத்துவதை நினைத்தால்தான் எனக்கு மனம் பதறுகிறது. முதல் ஆய் எப்போது போனது என்பதைப் பிரசவம் ஆன இடத்திலேயே கேட்டுக் குறித்து வையுங்கள். எந்த மருத்துவரிடம் போனாலும் அதைக் கேட்பார்கள்.