லேசர் பாய்ப்படகு: மும்பை உப்பில் நாலு சீசன் ஓட்டிய பிறகு

செம்பூர், மாட்டுங்கா பக்கமிருந்து கொலாபாவுக்குப் படகு ஓட்ட வரும் நம்மவர்கள் முதலில் கேட்பது, "பாய் எத்தனை வருஷம் வரும்?" என்றுதான். பாயை விடுங்கள். பழைய லேசர் வாங்குவதாக இருந்தால் பாய்மரம் உட்காரும் குழியைப் பாருங்கள்.

4.23 மீட்டர் நீளப் படகு, 7.06 சதுர மீட்டரில் ஒரே பாய். மரத்தை இழுத்துக் கட்டும் கம்பிகள் கிடையாது. பாய் வாங்கும் காற்றின் பாரம் முழுக்க அந்தக் குழிக்குத்தான். உள்ளே நாலு மணல் கிடந்தாலும் போதும், மரம் திரும்பும்போதெல்லாம் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரி அராவிவிடும். மரத்தைச் செருகுமுன் அதன் அடியையும் குழியையும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். மாதம் ஒருமுறை குழி நிறையத் தண்ணீர் ஊற்றி அரைமணி நேரம் விட்டுப் பாருங்கள். மட்டம் இறங்கினால் ஓட்டை. அதோடு பலத்த காற்றில் போனால் மரம் மேல்தளத்தையும் பெயர்த்துக்கொண்டு சாயும்.

பழைய லேசர்களில் மரம் இரண்டு அலுமினியத் துண்டு. பிரிக்காமல் வாரக்கணக்கில் விட்டால் இடுக்கில் உப்பு இறுகி, ஆளுக்கொரு முனையைப் பிடித்து முறுக்க வேண்டிவரும்.

சுக்கானைத் திருப்பும் கைப்பிடி, அதாவது டில்லர், கையில் கனத்தால் பாயைக் குறை சொல்லாதீர்கள். சுக்கான் முழுக்கக் கீழே இறங்கியிருக்காது. அதைக் கீழே இழுக்கும் கயிற்றை இறுக்கிக் கட்டினால் சரியாகிவிடும். சுக்கானைப் படகோடு பிடித்துவைக்கும் கிளிப்பையும் தொட்டுப் பாருங்கள், கவிழ்ந்தால் அதுதான் காப்பாற்றும்.

நடுவில் தண்ணீருக்குள் இறக்கும் பலகையான டாகர்போர்டு இல்லாவிட்டால் படகு பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டே போகும். கவிழ்ந்தால் ஏறி நின்று நிமிர்த்துவதும் அந்தப் பலகைமேல்தான். அதன் எலாஸ்டிக் கயிறு தளர்ந்திருந்தால் அந்த நேரம் பார்த்து நழுவிவிடும். கடல் வற்றும் நேரத்தில் கரைக்கு வரும்போது பாதி தூக்கிவிடுங்கள், இல்லையென்றால் சேற்றில் குத்தி நிற்கும்.

பாயைக் கழுவி, நிழலில் உலர்த்திச் சுருட்டுங்கள், மடிக்க வேண்டாம். கரையில் சும்மா படபடக்க விடுவதுதான் அதற்குக் கெடுதல்.

குறை என்றால் பூம்தான், அதாவது பாயின் அடியில் கிடக்கும் கட்டை. தாழ்வாக இருப்பதால் திரும்பும்போது தலை தப்பாது. குடும்பத்தோடு போகவும் இது தோதுப்படாது, ஒருவருக்கான படகு.

ஜூன் முதல் செப்டம்பர் வரை மழைக்காகப் படகைக் கரையேற்றி வைக்கும்போது, உள்ளே இருக்கும் ஈரம் போக பின்பக்கத்து நீர்ச்செருகியை (தண்ணீர் வடியும் ஓட்டையின் அடைப்பானை) திறந்துவிடுங்கள். அக்டோபரில் முதல் நாள் இறக்குமுன் அதை மறக்காமல் மூடுங்கள். பலபேர் மறப்பார்கள்.