ஒற்றைத் தோட்டா ரைபிளுக்கு எந்த ஆக்லி? 7×57, .257, .280, .303: ஒரு ஒப்பீடு

தென்னாப்பிரிக்காவில் டர்பன், டொங்காட், பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கத்தில் வேட்டைக்குப் போகும் நம் ஆட்கள், ரூகர் நம்பர் 1 மாதிரி ஒரு ஒற்றைத் தோட்டா ரைபிள் கைக்கு வந்ததும் அடுத்து கேட்பது இதுதான்: "அண்ணா, சேம்பரை ஆக்லிக்கு மாற்றிவிடலாமா?" மாற்றலாம். சேம்பர் என்பது பாரலில் தோட்டா உட்காரும் அறை. ஆக்லி என்பது 7×57, .257 போன்ற தோட்டா வகைகளின் பித்தளைக் கூட்டைச் சற்று விரித்து மாற்றிய வடிவம். எந்த ஆக்லி என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இம்பாலா, நியாலா, பிளெஸ்பொக், வார்ட்ஹாக் பன்றி போன்ற நடுத்தர விலங்குகளுக்கு 7×57 ஆக்லிதான் என் தேர்வு. நான்கில் வேகமானது அது இல்லை. ஆனால் ஒற்றைத் தோட்டா ரைபிளில், குண்டு எவ்வளவு வேகமாகப் போகிறது என்பதைவிட, சுட்ட கூடு எவ்வளவு சுலபமாக வெளியே வருகிறது, அடுத்த கூடு எங்கே கிடைக்கும் என்பதுதான் பெரிய கேள்வி.

பார்க்கர் ஆக்லி (1903–1989) அமெரிக்க கன்ஸ்மித், அதாவது துப்பாக்கி வேலை செய்பவர். கடையில் கிடைக்கும் தோட்டாவின் கூட்டை எடுத்து, அதன் உடல் மேலே போகப் போகக் குறுகும் சரிவைக் குறைத்து, கழுத்துக்குக் கீழே இருக்கும் தோளை 40 டிகிரிக்கு நிமிர்த்தினார். சாதாரண 7×57-இன் தோள் 20 டிகிரி 45 நிமிடம்தான். இதற்குத் தனி அச்சு எதுவும் வேண்டாம். மாற்றிய சேம்பரில் சாதாரண தோட்டாவையே போட்டுச் சுட்டால், வெடிப்பின் அழுத்தத்தில் பித்தளை விரிந்து புது வடிவத்துக்கு வந்துவிடும். குண்டே இல்லாமல் கூட்டை விரிக்கும் முறையும் உண்டு. கொஞ்சம் வேகமாக எரியும் வெடிமருந்து, அதன் மேல் உப்புமாவுக்குப் போடும் ரவை. அனுபவம் உள்ளவர் பக்கத்தில் இல்லாமல் அதைத் தொட வேண்டாம்.

இப்போது கணக்கு. 7×57 கூட்டை ஆக்லியாக்கினால் உள்ளே இடம் சுமார் 6 முதல் 8 சதவீதம் கூடும். அழுத்தத்தை ஏற்றாமல் வைத்தால், இடம் கூடும் சதவீதத்தில் கால் பங்குதான் வேகமாகக் கிடைக்கும் என்பது ரீலோடிங் (சுட்ட கூட்டில் மறுபடி மருந்தும் குண்டும் ஏற்றுவது) செய்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. அதாவது 2 சதவீதத்துக்குள். 140 கிரெய்ன் (சுமார் 9 கிராம்) குண்டு வினாடிக்கு 820 மீட்டரில் போனது 835-ஐத் தொடும், அவ்வளவுதான். அப்படியானால் 7×57 ஆக்லிக்காரர்கள் 870, 880 என்று சொல்வது எங்கிருந்து வருகிறது? பெரும்பகுதி அழுத்தத்திலிருந்து. 1890-களின் பழைய மாசர் துப்பாக்கிகள் இன்னும் புழக்கத்தில் இருப்பதால், அமெரிக்கத் தரம் 7×57-க்கு 51,000 பிஎஸ்ஐயோடு (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு அழுத்தம்) நிறுத்திக்கொள்கிறது. .270 வின்செஸ்டருக்கு அதே தரம் 65,000 வரை விடுகிறது. புதுக்கால ரைபிளில் சாதாரண 7×57-ஐயே கொஞ்சம் தாராளமாக ஏற்றினால், ஆக்லியின் ஆதாயத்தில் பாதிக்கு மேல் வந்துவிடும்.

பிறகு எதற்கு ஆக்லி? கூட்டின் ஆயுளுக்காக. சரிவு குறைந்த உடலும் நிமிர்ந்த தோளும் பித்தளை முன்னோக்கி ஓடுவதைக் குறைக்கின்றன. கழுத்தை அடிக்கடி வெட்டிச் சரிசெய்ய வேண்டியதில்லை. பலமுறை சுட்ட சாதாரண கூட்டின் அடிப்பக்கத்தில், தடித்த அடிக்குச் சற்று மேலே, பளபளவென்று ஒரு வளையம் தெரியும். பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி, நுனியை வளைத்து, கூட்டின் உள்சுவரில் மேலும் கீழும் இழுத்துப் பாருங்கள். அந்த வளையத்துக்கு நேராக நுனி ஒரு பள்ளத்தில் தட்டினால் அந்தக் கூடு அறுபடத் தயாராக இருக்கிறது. சரியாக வெட்டிய ஆக்லி சேம்பரில் அந்த வளையம் ரொம்பத் தாமதமாகத்தான் எட்டிப்பார்க்கும்.

ஒற்றைத் தோட்டா ரைபிளுக்கும் ஆக்லிக்கும் ஒரு விஷயத்தில் நல்ல பொருத்தம். போல்ட் ரைபிளின் மேகசினிலிருந்து ஏறும்போது அந்த 40 டிகிரி தோள் சில நேரம் முட்டிக்கொண்டு நிற்கும். நம்பர் 1-இல் தோட்டாவைக் கையால்தான் வைக்கிறோம், முட்டுவதற்கு எதுவும் இல்லை. மேகசினும் போல்ட்டும் ஓடும் இடம் இல்லாததால், அதே நீள பாரல் வைத்தும் ரைபிள் 10 சென்டிமீட்டர் அளவுக்குக் குட்டையாக இருக்கும். தென்னாப்பிரிக்காவில் சைலன்சருக்குத் தடை இல்லை. அதை மாட்டிக்கொண்டு முள்காட்டுக்குள் நுழையும்போது அந்தக் குறைவின் அருமை தெரியும்.

இன்னொரு விஷயத்தில் பொருத்தம் போதாது. போல்ட் ரைபிளில் கைப்பிடியைத் தூக்கும்போதே ஒரு சரிவு கூட்டைப் பின்னுக்கு நெம்பி அசைத்துவிடும். 1967-இல் வந்த நம்பர் 1-இல் லீவரைக் கீழே தள்ளினால் பூட்டுக்கட்டை இறங்கும், எக்ஸ்ட்ராக்டர் கூட்டைத் தள்ளும். அந்த நெம்புகோலுக்கு பலம் இருந்தாலும் போல்ட் அளவுக்கு இல்லை. சரிவுள்ள கூடு கொஞ்சம் அசைந்தாலே விடுபட்டுவிடும். ஆக்லி கூடோ நீளம் முழுக்கச் சுவரை உரசிக்கொண்டு வரும். பொங்கோலா, முகூசே பக்கம் ஜூலையில்கூட விடியலில் கை விறைக்கும், நண்பகலில் சட்டை நனையும். காலையில் விரலால் எடுத்த கூடு, வெயிலில் கிடந்த தோட்டாவைச் சுட்டபின் லீவரோடு மல்லுக்கட்டும். அடிபட்ட நியாலா புதருக்குள் நுழையும் நேரத்தில் அது நடந்தால் பாவம் அந்த விலங்குக்குத்தான். அதனால் ஒற்றைத் தோட்டா ரைபிளில் ஆக்லியை உச்ச அழுத்தத்துக்கு ஏற்றக் கூடாது என்பதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை.

.280 ஆக்லி காகிதத்தில் ராஜா. 2007-இல் நோஸ்லர் அதை அமெரிக்கத் தரப்பட்டியலில் ஏற்றியபின் அது வைல்ட்கேட்டே (கம்பெனி செய்யாத, கைவேலைத் தோட்டா) இல்லை, கம்பெனித் தோட்டாவாகவே வருகிறது. 140 கிரெய்ன் குண்டுக்கு அவர்கள் சொல்லும் வேகம் வினாடிக்கு சுமார் 960 மீட்டர். ஆனால் அந்த வேகம் வருவதே முழு அழுத்தத்தில்தான். அதைக் குறைத்து ஏற்றினால் 7×57 ஆக்லியை நெருங்கிவிடுவோம், மருந்து மட்டும் கூடச் செலவாகும். கூடும் தோட்டாவும் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும்.

.257 ராபர்ட்ஸ் ஆக்லி எனக்கு ரொம்பப் பிடித்தது. 7×57-இன் கழுத்தைச் சுருக்கிப் பிறந்ததுதான் .257 ராபர்ட்ஸ். அதனால் பிரிட்டோரியாவில் செய்யும் பிஎம்பி கம்பெனியின் 7×57 கூட்டை எடுத்து, கழுத்தைச் சுருக்கி, பிறகு சுட்டு விரிக்கலாம். கழுத்து தடித்துவிட்டதா என்று மட்டும் அளந்து பார்க்க வேண்டும். கரூவில் ஸ்பிரிங்பொக், டண்டீ, ஃப்ரைஹெய்ட் புல்வெளியில் பிளெஸ்பொக் என்று திறந்த வெளியில் சுடுபவருக்கு இதைவிட இனிமையான தோட்டா இல்லை. தோளில் உதை குறைவு, குண்டு நேராகப் போகும். 100 கிலோவைத் தாண்டும் நியாலா கிடாய் புதருக்கு நடுவே கோணலாக நிற்கும்போதுதான் 115 கிரெய்ன் போதுமா என்ற தயக்கம் வருகிறது. தயக்கத்தோடு விசையை அழுத்துவதில் எனக்கு விருப்பமில்லை.

.303 இம்ப்ரூவ்டு, அதாவது .303-இன் ஆக்லி வடிவம், வேறு வழி. இதன் கூட்டுக்கு அடியில் வெளியே நீளும் விளிம்பு இருக்கிறது, ஹெட்ஸ்பேஸை (தோட்டா சேம்பரில் முன்னும் பின்னும் ஆடாமல் நிற்கும் இடைவெளி) அந்த விளிம்பே பார்த்துக்கொள்ளும். கன்ஸ்மித்துக்கு வேலை சுலபம். கூடும் உள்நாட்டிலேயே கிடைக்கும். சிக்கல் ரைபிளில். பலர் இதற்கு நினைப்பது பழைய மார்ட்டினியை. 1879-இல் ஜுலு போரின் இசாண்ட்ல்வானா களத்தில் இருந்தது .577/450 மார்ட்டினி-ஹென்றி. அதன் வழிவந்த மார்ட்டினி-என்ஃபீல்டு .303-க்கு மாறியது. நூறு வருடத்தைத் தாண்டிய அந்த எஃகையும் அந்த எக்ஸ்ட்ராக்டரையும் நம்பி அழுத்தத்தைக் கூட்ட வேண்டாம். சாதாரண .303 போட்டு மெதுவாகச் சுட்டால் இன்னும் பல காலம் நிற்கும். .30-06 ஆக்லியையும் சிலர் கேட்கிறார்கள். மூலத்தோட்டாவே போதுமான அழுத்தத்தில் ஓடுகிறது, நடுத்தர விலங்குக்கு அதற்கு மேல் எதற்கு?

சரி, 7×57 ஆக்லி. போயர் போரில் போயர்கள் தோளில் தொங்கிய தோட்டா 7×57. அன்றிலிருந்து இந்த நாட்டில் அது மறையவே இல்லை. சின்ன ஊர்த் துப்பாக்கிக் கடையிலும் கேட்கலாம். பண்ணையில் இருக்கும்போது நம் தோட்டா தீர்ந்துவிட்டால், சாதாரண 7×57 பெட்டி ஒன்று வாங்கி அதே ரைபிளில் சுடலாம். வேகம் கொஞ்சம் குறையும், குறி சற்று நகரலாம், வேட்டை நிற்காது. சுட்டபின் அந்தக் கூடுகளே ஆக்லி கூடுகளாகக் கைக்கு வருகின்றன. உள்நாட்டு சோம்கெம் எஸ்365 மருந்து 7×57-க்குப் பழக்கமானது. 200 மீட்டரில் குறி வைத்தால், 300 மீட்டரில் சாதாரண 7×57-க்கும் ஆக்லிக்கும் இறக்கத்தில் வித்தியாசம் மூன்று, நான்கு சென்டிமீட்டர். ஜுலுலாந்து முள்காட்டில் 150 மீட்டரைத் தாண்டிச் சுடும் வாய்ப்பே அபூர்வம்.

இறைச்சியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நம் வீடுகளில் இம்பாலா என்றால் முன்தொடையும் கறிக்குத்தான், நாய்க்கு இல்லை. வினாடிக்கு 960 மீட்டர் வேகத்தில் கிளம்பிய மென்மையான குண்டு 80 மீட்டரில் தோள்பட்டையில் பட்டால், தோலை உரிக்கும்போது தசைப் படலங்களுக்கு நடுவே ரத்தம் ஜெல்லி மாதிரி உறைந்து கிடக்கும். கழுவினாலும் போகாது, வெட்டி எறிய வேண்டியதுதான். 7 மில்லிமீட்டர் 150, 160 கிரெய்ன் குண்டை 780, 800 மீட்டரில் அனுப்பினால் துளைக்குச் சுற்றி ஒரு கைப்பிடிதான் வீண். ஆகஸ்டில் கொண்டுவந்ததைப் புரட்டாசி விரதத்துக்கு முன் சமைத்தோ பில்டாங் (உலர்த்திய இறைச்சி) போட்டோ முடிக்க நினைக்கும் அம்மாக்களுக்கு இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

காகித வேலையையும் மறக்கக் கூடாது. 2000-ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில், அவ்வப்போது வேட்டைக்குப் போகும் 15-ஆம் பிரிவு உரிமக்காரர் ஒரு துப்பாக்கிக்கு 200 தோட்டா வரைதான் வைத்திருக்கலாம். கூடு விரிக்கச் சுடும் தோட்டாவும் அந்தக் கணக்கில்தான். சேம்பரை மாற்றினால் பாரலில் பொறித்ததும் உரிமத்தில் இருப்பதும் பொருந்துகிறதா என்று வேலை தொடங்கும் முன்பே பேசி முடித்துவிடுங்கள்.

7×57-க்கு விளிம்பு இல்லை என்பதால் கன்ஸ்மித்தின் கை முக்கியம். சாதாரண தோட்டாவைப் போட்டு மூடும்போது, கழுத்தும் தோளும் சேரும் இடத்தில் ஆக்லி சேம்பர் அதைச் சுமார் 0.1 மில்லிமீட்டர் அழுத்திப் பிடிக்க வேண்டும். பிடிக்காவிட்டால் முதல் சுடுதலிலேயே கூடு இழுபடும். அதற்குப் பாரலைக் கழற்றிச் சற்றுப் பின்னுக்குக் கொண்டுவர வேண்டும். நம்பர் 1-இல் இது எளிய வேலை இல்லை. பாரல் மேலிருக்கும் ஸ்கோப் பட்டை ரிசீவரில் (பாரல் திருகியிருக்கும் நடு உடல்) இடிக்கும், எக்ஸ்ட்ராக்டர் பள்ளத்தை மறுபடி வெட்ட வேண்டும், முன்கட்டை (பாரலுக்குக் கீழே இருக்கும் மரம்) உட்காரும் இடமும் மாறும். அந்த முன்கட்டை பாரலை எப்படித் தொடுகிறது என்பதைப் பொறுத்தே இந்த ரைபிளின் குறி நிற்கும். இவற்றையெல்லாம் எப்படிச் செய்வார் என்று முதலிலேயே கேளுங்கள். ரீமரை (சேம்பரைக் குடையும் கருவி) உள்ளே விட்டு ஒரு சுற்றுச் சுற்றினால் போதும் என்பவரிடம் ரைபிளை விட்டுவிட்டு வராதீர்கள்.